அழைத்தால்தான் ஆட்டம்!

சொந்த மைதானம் கிடையாது. சங்கக் கட்டடம் கிடையாது. வாரந்தோறும் கூடிப் பழகும் ஆட்டக்காரர்கள் கிடையாது. பெயரோ 'காட்டுமிராண்டிகள்'! இப்படி ஒரு கோஷ்டி 1890-ம் ஆண்டு முதல் உயிரோடு இருக்கிறதென்றால் நம்ப முடிகிறதா? பிரிட்டனில் பிறந்து, ரக்பி உலகம் முழுவதும் பெயர் பெற்றுவிட்ட 'பார்பேரியன்ஸ்' கோஷ்டியைத்தான் சொல்கிறேன். ஒரு சின்ன பஜனைக் கோஷ்டிகூட ஒரு ஜோடி ஜால்ராவையாவது சொத்தாக வைத்திருக்கும். இவர்களுக்கு இருக்கும் சொத்தெல்லாம் ஓர் அழைப்புத்தான். "எங்களோடு வந்து ஆட முடியுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் வருகிறார். அவ்வளவுதான் சமாசாரம்.

இந்த யோசனை பிறந்தது ஒரு சாப்பாட்டு விடுதியில். பெர்ஸி கார்ப்மேல் என்ற ஆட்டக்காரர் 1890 ஏப்ரலில் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வட இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் வந்திருந்தார். பிராட்போர்டு நகரில் இரவு விருந்து நடந்தது. நடுநிசிக்குப் பிறகும் பேச்சு ஓயவில்லை. பல சங்கத்து ஆட்டக்காரர்களை ஒன்று கூட்டி, ஊர் ஊராகப் போய் ஆடினால் என்ன என்று கேட்டார் அவர். விடிவதற்குள் கோஷ்டி பிறந்துவிட்டது! அதே வருஷம் டிசம்பர் 27-ந் தேதி ஹார்ட்டில்பூல் ரோவர்ஸ் என்ற சங்கத்தை எதிர்த்து முதல் ஆட்டம் ஆடினார்கள்.

அழைப்பு யாருக்கு? குலம் கேட்பதில்லை, தேசம் கேட்பதில்லை. நன்றாக ஆடவேண்டும், மைதானத்திலும் வெளியிலும் கண்ணியமாக நடந்துகொள்ளவேண்டும். இவ்விரண்டும்தான் நிபந்தனை. சட்டை எல்லாருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைதான். ஆனால் காலுறை மட்டும் அவரவர் சங்கத்துடையது. எத்தனை அழகான ஏற்பாடு பாருங்கள்! புக்ககத்துப் புடவை கட்டிக்கொண்டாலும் பிறந்தகத்துக் கொலுசைக் கழற்றாத பெண்ணைப் போல.

முன்பின் சேர்ந்து பழகாதவர்கள் ஒன்றாக ஆடினால் ஜெயிக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். அதற்குச் சரியான பரீட்சை எழுவர் ரக்பி. வழக்கமான ரக்பியில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்னால் இருப்பவனுக்குக் கையால் எறியக்கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்கலாம். எழுவர் ஆட்டத்தில் நம் சடுகுடுவைப் போலக் கட்சிக்கு ஏழே பேர். மைதானம் மட்டும் அதே பெரிய மைதானம். பாதிக்கு ஏழு நிமிஷமே ஆட்டம். ஒருவர் அசந்தால் அவர் இருந்த இடத்தில் ஊர்கோலமே போகலாம்!

இந்த எழுவர் ஆட்டம் பிறந்த இடம் ஸ்காட்லாந்திலுள்ள மெல்ரோஸ். 1883-ல் அந்த ஊர்ச் சங்கத்தின் கஜானா காலி. பணம் திரட்ட ஒரு பந்தயம் வைக்கலாம் என்று சொன்னவர் நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைத் தொழிலாளி. ஒரே மத்தியானத்தில் பல கோஷ்டிகள் ஆடவேண்டுமே! பதினைந்தை ஏழாகக் குறைத்துவிட்டார்கள். வறுமை பெற்ற அந்தக் குழந்தை, 2016-ல் ஒலிம்பிக் பந்தயத்துக்கே போய்விட்டது.

லண்டனில் மிடில்செக்ஸ் எழுவர் பந்தயம் 1926-ல் தர்ம காரியத்துக்காகத் தொடங்கியது. கூடிப் பழகிய சங்கங்களுக்கு நடுவே, 1934-ல் அங்கே கோப்பையைத் தட்டிச் சென்றவர்கள் நம் வீடில்லாத காட்டுமிராண்டிகள்! 1981-ல் ஹாங்காங் எழுவர் பந்தயத்துக்குப் போனார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஆஸ்திரேலியா. அதிலும் வெற்றி இவர்களுக்கே.

பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. 1995 ஆகஸ்டில், ரக்பி ஆட்டக்காரர்கள் பகிரங்கமாகச் சம்பளம் வாங்கலாம் என்று விதி மாறியது. இனி அழைப்புக்கு என்ன மதிப்பு? ஒப்பந்தம் போட்டவர்கள் தங்கள் ஆட்டக்காரரை அனுப்புவார்களா? கோஷ்டி முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 1997-ல் இவர்கள் மறுபடியும் மிடில்செக்ஸ் கோப்பையை எடுத்துக் காட்டினார்கள்! 2017-ல் பெண்கள் கோஷ்டியும் களத்தில் இறங்கியது.

பணத்தால் சாகாத கோஷ்டிக்கு ஆபத்து உள்ளேயிருந்தே வந்தது. 2020 அக்டோபர். கொரோனா காலம். லண்டனில் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தோடு ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. தங்கும் விடுதியை விட்டுப் போகக்கூடாது என்பது கட்டளை. அழைத்து வரப்பட்டவர்களில் பலர் அதை மீறி ஊர் சுற்றப் போனார்கள். இரண்டு நாள் முன்னதாக ஆட்டமே ரத்து! விசாரணை, அபராதம், பகிரங்க மன்னிப்பு என்று தொடர்ந்தது. வேறு கோஷ்டியென்றால் இது ஒரு ஒழுங்கீனம், அவ்வளவே. இங்கேயோ முதலுக்கே மோசம். நம்பிக்கையைத் தவிர இவர்களிடம் வேறு என்ன முதல் இருந்தது?

போன மானம் எப்படித் திரும்பும்? உபதேசத்தால் அல்ல, ஆட்டத்தால்தான். 2022 ஜூனில் அதே ட்விக்கன்ஹாமில், அதே இங்கிலாந்தை 52-21 என்று தோற்கடித்தார்கள். பதினைந்து பேரில் ஒருவர் நடுவில் வெளியேற்றப்பட்டு, பதினான்கு பேராக ஆடிய ஆட்டம் அது! ஓய்வு பெறப்போகும் ஒருவர் குதிகாலால் பின்பக்கமாகப் பந்தை உதைத்துப் புள்ளி எடுத்ததைப் பார்த்துக் கூட்டம் சிரித்து ஆர்ப்பரித்தது.

கட்டடம் இருந்தால் இடியலாம். கஜானா இருந்தால் களவு போகலாம். அழைப்பு என்பது அப்படியல்ல. அழைத்தவர் மனம் வைத்து அழைத்து, வந்தவர் மரியாதை அறிந்து நடக்கும் வரையில் அதற்கு அழிவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கிற நமக்கும், அதைக் கையில் வாங்கிக்கொள்கிற நமக்கும் இது தெரியாத விஷயமா என்ன?