பெட்டிக்குள் ஒளிந்திருந்த வேவுக்காரன்



சென்ற இதழில் சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பை விரட்டுவது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வேறொரு பூச்சி. இது கம்ப்யூட்டருக்குள் வருவது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்துவிடும். கெடுத்தது என் வீட்டில்தான். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. பையனுக்குப் பாடம், என்னவருக்குக் கரண்ட் பில்லும் வரியும் கட்டுவது, மாமியாருக்குப் பிரவசனம், எனக்குக் கோலமும் சமையல் குறிப்பும் என்று எல்லோருக்கும் அது பொது. பொங்கலுக்கு முன்னால் அதில் ஒரு கோளாறு ஆரம்பித்தது. எதைத் திறந்தாலும் மூலையில் விளம்பரம். முதலில் மூட்டுவலித் தைலம், சீட்டாட்டம் என்று வந்தது. பிறகு, சொல்லவே கூசுகிறது, அரைகுறை உடையோடு பெண்கள் படம். ஒருநாள் சாயங்காலம் மாமியார் பிரவசனம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒன்று வந்து நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பகவானே!" என்றார்.

அன்று ராத்திரி என்னவர் பையனைக் கூப்பிட்டார். அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான்.

"கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கே. அதான் இதெல்லாம் வருது."

"நான் போகலைப்பா."

"பின்னே யாரு, உங்க பாட்டியா போனாங்க?"

நானாவது சும்மா இருந்திருக்கலாம். "வயசுப் பையன்னா இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, மாட்டுப் பொங்கலன்று, சமையல் குறிப்பு பார்க்க உட்கார்ந்தேன். திரை முழுக்கச் சிவப்பாகி, கீச்சுக் குரலில் சத்தம். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். அணைக்காதீர்கள். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. போனை எடுத்துப் பாதி நம்பர் அழுத்திவிட்டேன்.

நல்ல வேளை, பொங்கலுக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் பார்த்துவிட்டாள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "அத்தை, போனை வைங்க. முதல்ல அதை வைங்க" என்று ஓடி வந்தாள்.

மைக்ரோசாஃப்ட் தரும் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காதாம். நம்பர் போட்டிருந்தாலே அது மோசடிதான். போன் செய்தால் இனிக்க இனிக்கப் பேசி, நம் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க ஒரு புரோகிராமை ஏற்றச் சொல்வார்கள். அப்புறம் பாங்குக் கணக்கு வரை கை நீளும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் பிரௌசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தாள். சத்தம் நின்றது. அதுவும் நடக்காவிட்டால் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா?' என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

"இது யார் செய்கிற வேலை?" என்று கேட்டேன். விளம்பர வேவு புரோகிராம் என்றாள். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருமாம். கீரைக்கட்டுக்குள் களைச்செடி வருகிற மாதிரி. உள்ளே வந்ததும் நாம் எதைத் தேடுகிறோம், எந்தக் கடையைப் பார்க்கிறோம் என்று குறித்து யாருக்கோ அனுப்பும். அதற்குத் தக்கபடியும் தகாதபடியும் விளம்பரம் காட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதை அனுப்பியவனுக்குக் காசு.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு கடையில் புடவை பார்த்துவிட்டு வந்தால், அதே புடவை வேறு பக்கங்களிலும் விளம்பரமாகத் துரத்துகிறதே, அது பெரும்பாலும் இந்தப் பூச்சி இல்லை. அந்தக் கடை நம் பிரௌசரில் போட்டு வைக்கும் 'குக்கி' என்கிற அடையாளச் சீட்டு. பூச்சிக்கு அறிகுறி வேறு. பிரௌசரைத் திறந்ததும் வழக்கமான முதல் பக்கம் மாறியிருக்கும். ஓரிடத்தில் தேடினால் வேறொரு தேடும் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நாம் போடாத பட்டையோ படமோ மேலே முளைத்திருக்கும். பிரௌசரைத் திறக்காதபோதும் மூலையில் விளம்பரம் வரும். கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால் பட்டியலின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று இங்கிலீஷில் இருந்தால், சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் அது சந்தேகத்துக்குரியது.

இனி அவள் சொல்லச் சொல்ல நானே செய்ததை வரிசையாகத் தருகிறேன். எங்களுடையது விண்டோஸ் 11.

1. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்று போனால் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம் எல்லாம் வரும். அதை இன்ஸ்டால் ஆன தேதிவாரியாக அடுக்கச் சொல்ல வேண்டும். கோளாறு ஆரம்பித்த சமயத்தில் வந்தது எது என்று பார்க்க வேண்டும். தெரியாத பெயரையெல்லாம் நீக்கிவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட், பிரிண்டர், கம்ப்யூட்டர் கம்பெனி பெயர் உள்ளவை தேவைப்படலாம். சந்தேகமாக இருந்தால் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாத மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மூன்றுக்கும் தேதி டிசம்பர் 27. அவற்றுக்கு மேலே அதே தேதியில் நான்காவதாக ஒன்று: கோலப் படங்களைப் பெரிதாக்கும் இலவசப் புரோகிராம். அது என்னுடையது! மார்கழி கோலத்துக்காக நான்தான் இறக்கினேன். பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த 'டவுன்லோட்' பொத்தானை அழுத்தி, கேட்டதற்கெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கொடுத்துக்கொண்டே போனேன். அந்தப் பச்சைப் பொத்தானே ஒரு விளம்பரமாம். நடுவில் சின்ன எழுத்தில், ஏற்கனவே 'டிக்' போட்ட கட்டங்கள் இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. அரையாண்டு விடுமுறையில் அன்றைக்குப் பையன் ஊரிலேயே இல்லை. திருநெல்வேலியில் என் தங்கை வீட்டில் இருந்தான்.

நாலையும் அன்இன்ஸ்டால் செய்தேன். ஒன்று போக மாட்டேன் என்று, 'வைத்துக்கொள்ளவா?' என்கிற கேள்வியைப் பெரிய எழுத்திலும் 'நீக்கு' என்பதைச் சின்ன எழுத்திலும் காட்டியது. நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

2. பிரௌசரில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். நாம் சேர்க்காதது எது இருந்தாலும் 'ரிமூவ்'.

3. குரோமில் செட்டிங்ஸ், பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். 'நீங்கள் மனிதர்தான் என்று காட்ட அலௌ அழுத்துங்கள்' என்று சில பக்கங்கள் ஏமாற்றும். அழுத்தினால் மூலை விளம்பரம் அனுப்ப நாமே அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். எங்கள் பட்டியலில் அப்படி ஏழு பெயர். எல்லாவற்றையும் நீக்கினதும் அந்த அசிங்கப் படங்கள் நின்றன.

4. அதே செட்டிங்ஸில் 'ரீசெட்' உண்டு. அது பிரௌசரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சேமித்த பக்கங்களும் பாஸ்வேர்டுகளும் போகாது.

5. விண்டோஸோடு இலவசமாகவே வரும் காவல்காரன் உண்டு: விண்டோஸ் செக்யூரிட்டி. அதில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போய் 'ஃபுல் ஸ்கேன்' கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்க்கலாம், நேரம் எடுக்கும். பிறகு 'ஆஃப்லைன் ஸ்கேன்'. கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுந்து, கால் மணி நேரம் போலச் சோதிக்கும். திறந்திருக்கும் வேலையை முன்னாலேயே சேமித்துக்கொள்ளுங்கள். ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல் என்ற பகுதியில், வேண்டாத புரோகிராமைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள். இன்னும் சந்தேகம் தீராவிட்டால், மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் 'ஆட்வ்க்ளீனர்' இலவசம். அவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவசக் கருவிகள் தருகிறது.

6. கடைசியாகப் பாஸ்வேர்டு. சந்தேகம் இல்லாத போனிலிருந்து, பாங்கு, ஈமெயில் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பாங்குக்கும் சொல்லுங்கள்.

இப்படி ஏமாந்தது நான் ஒருத்திதானா என்று கேட்டேன். "இல்லை அத்தை" என்று அவள் சொன்ன கதைகள் இரண்டு. 2017-ல் 'ஃபயர்பால்' என்று ஒன்று, இதே மாதிரி இலவசங்களோடு ஒட்டிக்கொண்டு உலகமெங்கும் பரவியது. 25 கோடி கம்ப்யூட்டர்களில் புகுந்தது, அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடி என்று செக் பாயிண்ட் என்ற பாதுகாப்புக் கம்பெனி கணக்குச் சொன்னது. அவ்வளவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. இன்னொன்று, வாங்கும்போதே உள்ளே இருந்தது. லெனோவோ கம்பெனி 2014-ல் விற்ற சில லாப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பரப் புரோகிராமை முன்னாலேயே ஏற்றியிருந்தார்கள். பாங்குப் பக்கங்களுக்கு இருக்கும் பூட்டைக்கூட அது பலவீனப்படுத்துகிறது என்று 2015-ல் வெளியே வந்து பெரிய ரகளை ஆனது.

இனிமேல் வராமல் இருக்க எங்கள் வீட்டில் மூன்று ஏற்பாடு. எதை இறக்கினாலும் அதைச் செய்தவருடைய பக்கத்திலிருந்துதான். ஏற்றும்போது 'கஸ்டம்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வேண்டாத டிக்கையெல்லாம் எடுத்துவிட வேண்டும். தினசரி உபயோகத்துக்கு, நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. புதிதாக எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்கும், அந்த ஒரு நிமிஷம் யோசிக்கலாம் அல்லவா? இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. மாற்றுவதற்கு வழி பாருங்கள்.

அன்று ராத்திரி தோசை வார்த்தபடியே பையனிடம் சொன்னேன். "டேய், அது நான் பண்ணின வேலைடா. உன்னைச் சொன்னது தப்பு."

தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா தேதியைக் காட்டினாம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்டேயும் சொல்லிடு."

சொன்னேன். என்னவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவன் தோளில் கை போட்டு, "வாடா, இந்தப் பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுதுன்னு பாரு" என்று கூப்பிட்டார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுத் திரையிலும் ஒருநாள் அசிங்கம் வந்து நிற்கலாம். பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் தேதியைப் பாருங்கள். அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. நாக்கில் வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கத்தான் ரொம்ப நாள் ஆகிறது.