விசில் ஓய்ந்த பிறகு



மார்ச் மாதக் கடைசியில் தொடங்கி மே முடியும் வரை மதுரையில் வெயிலோடு சேர்ந்து இன்னொரு சூடும் ஏறுகிறது. மகபூப்பாளையம், நெல்பேட்டை, காஜிமார் தெரு என எப்பக்கம் திரும்பினாலும் மஞ்சள் சட்டைகள். முதுகில் ஏழாம் எண். மக்தபுக்கு வரும் சிறுவன் பாடம் ஒப்பித்து முடித்த அதே மூச்சில் நேற்றைய ஆட்டத்தின் ஓட்டக் கணக்கையும் ஒப்பிக்கிறான். இந்நாட்களில் மதரஸாவில் பணிபுரியும் நம் போன்றோரிடம் பெற்றோர் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜ்ரத், பையன் சென்னை சூப்பர் கிங்ஸ் என்றால் உயிரை விடுகிறான். இது கூடுமா, கூடாதா?"

"கூடாது" என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுவது எளிது. அப்படி அனுப்பிவிடுவோரும் உள்ளனர். ஆனால் ஹதீஸ் நூல்கள் அதற்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. அஸ்லம் குலத்தைச் சேர்ந்த சிலர் இரு பிரிவாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஒரு பிரிவாரின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறுபிரிவார் வில்லைத் தாழ்த்திவிட்டனர். ஏன் எய்யவில்லை என வினவியபோது, தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வது என்றனர். அப்படியானால் எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்றார்கள் நபியவர்கள். ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது இதில் கண்டிக்கப்படவில்லை. சாய்ந்து நின்றதால் எதிர்ப்பக்கத்தார் மனம் சோர்ந்ததும் அந்தச் சாய்வை நபியவர்கள் சற்றும் தயங்காமல் கைவிட்டார்கள். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை நின்று பார்த்ததும், அதைத் தடுக்க முற்பட்ட உமர் (ரலி) அவர்களை நபியவர்களே நிறுத்தியதும் நாம் அறிந்தவையே.

ஆகவே, தொழுகையும் கடமைகளும் பாழாகாத வரை, ஆட்டத்தைப் பார்ப்பதும் ஓர் அணியை விரும்புவதும் நம் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவதாக நாம் கருதவில்லை. நமது கவலை வேறு. ஆட்டம் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிய பேச்சு முடிவதில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 118 கோடி. இவ்வளவு கொடுத்தவர்கள் மூன்றரை மணி நேரம் மட்டும் நம்மைத் திரைமுன் உட்கார வைத்தால் கட்டுப்படியாகுமா? முன்னோட்டம், பின்னோட்டம், அலசல், அணித்தலைவர் மாறுவாரா, தோனி ஓய்வு பெறுவாரா என்று நாள் முழுதும் அடுப்பை அணையாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த அடுப்பில் எரியும் விறகு ரசிகனின் கோபம். மகிழ்ந்தவன் தூங்கப் போய்விடுவான். கோபம் கொண்டவனே நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பான்.

2020 அக்டோபரில் கொல்கத்தாவிடம் சென்னை தோற்றதும், தோனியின் ஐந்து வயது மகளைக் குறித்து எழுதக் கூசும் மிரட்டல் ஒன்று இணையத்தில் பதிவானது. அதன் தொடர்பில் குஜராத்தில் பிடிபட்டவன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பதினாறு வயதுச் சிறுவன். அவனைப் பெற்றவர்கள் அவனை அப்படி வளர்த்திருக்க மாட்டார்கள். தோற்றால் திட்டலாம், திட்டினால் பாராட்டுக் கிடைக்கும் என்று அவனுக்குக் கற்றுத்தந்தது அவன் கையிலிருந்த திரை. நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகவில்லைதான். ஆனால் எதிரணி வீரர்களுக்கு அவர்கள் சூட்டும் பட்டப்பெயர்களைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவரது உடல், நிறம், தாய்மொழி, மனைவி எதுவும் மிஞ்சுவதில்லை. ஒருவரையொருவர் பரிகசிக்காதீர்கள், இழிவான பெயர்களால் அழைக்காதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் பதினோராம் வசனம் தடுப்பதைக் காலையில் நம்மிடம் ஓதிவிட்டு, மாலையில் அதே நாவால் இதையும் சொல்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் சொல்வானேன். பெரியவர்களின் வாட்ஸப் குழுக்களில் இதைவிட மோசமானவை வருகின்றன.

அதே அத்தியாயத்தின் ஆறாம் வசனம் செய்தியைப் பற்றியது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்தறியுங்கள் என்பது அதன் கருத்து. 2021 ஏப்ரலில் நடந்ததை நினைவூட்டுகிறோம். இங்கிலாந்து வீரர் மொயீன் அலி அவ்வாண்டு சென்னை அணிக்கு வந்திருந்தார். அணிச் சட்டையில் இருந்த மதுபான நிறுவனத்தின் சின்னத்தைத் தமக்கு நீக்கித் தருமாறு அவர் கேட்டதாகவும், அணி அதற்கு இசைந்ததாகவும் செய்தி பரவியது. நம்மவர்கள் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி அதை ஊரெல்லாம் அனுப்பினர். அப்படியொரு கோரிக்கையே வரவில்லை என்று அணியின் தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதன் மறுத்தார். அந்த மறுப்பை அனுப்பியவர்கள் எத்தனை பேர்? செய்தி நல்லதாக இருந்தால் விசாரிக்கத் தேவையில்லை என்று வசனத்தில் இல்லை.

அந்தச் செய்தியின் சூடு ஆறுமுன்பே, எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரீன், கிரிக்கெட்டில் இருந்திராவிட்டால் மொயீன் அலி சிரியா சென்று பயங்கரவாதிகளோடு சேர்ந்திருப்பார் என்னும் பொருள்பட எழுதினார். தாடி வைத்த ஒரு மனிதர், பந்து வீசுவது தவிர எவருக்கும் எத்தீங்கும் செய்யாதவர்! அவருக்காக முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஜோஃப்ரா ஆர்ச்சர் போன்ற அவருடைய சக இங்கிலாந்து வீரர்கள் இருந்தனர். எழுதியவர் கேலிக்காக எழுதியதாகக் கூறிப் பதிவை நீக்கினார். மொயீன் அலி ஆடினார். அவ்வாண்டு சென்னை கோப்பையை வென்றது. சேப்பாக்கத்தின் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர்.

முஹம்மது ஷமிக்கு நேர்ந்ததோ இருபுறத்து அடி. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொரு பேர் தோற்ற ஆட்டத்திற்கு ஒருவருடைய நாட்டுப்பற்று மட்டும் கேள்விக்குள்ளானது. அன்றைய தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அதைக் கண்டித்தார். அப்போது நாமும் கொதித்தோம், கொதித்தது நியாயம். 2025 மார்ச்சில், ரமளான் மாதத்தில், அதே துபாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஷமி பானம் அருந்திய படம் வெளிவந்தது. இம்முறை கல்லெறிந்தவர் நம்மவர். நோன்பை விட்ட பாவி என்ற பொருளில் ஒரு மௌலவி பேட்டியளிக்க, தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டின. பயணத்தில் இருப்பவர் நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்பது பகரா அத்தியாயத்திலேயே உள்ள சலுகை. முதல் வகுப்பு மாணவனும் அறிந்த சட்டம். தொலைக்காட்சிக்குத் தேவைப்பட்டது சட்டமா, சண்டையா என்பதை அந்த மௌலவி யோசித்திருக்கலாம். அணியில் "நம்மவர்" எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து ஆதரிப்பதையும், அவர்களது தொழுகைக்கும் நோன்பிற்கும் வருகைப் பதிவேடு வைத்திருப்பதையும் நாம் விட்டொழிக்க வேண்டும். பிறர் அவர்களைச் சமயத்தை வைத்து எடைபோடுவது தவறென்றால், நாம் போடுவதும் தவறுதான்.

பந்தயப் பணம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மைஸிர் ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அது சூதாட்டம் என்ற பெயருடன் வருவதில்லை. 2020இல் ஐபிஎல் தொடருக்கே தன் பெயரைச் சூட்டிய ட்ரீம் லெவன் போன்ற செயலிகளில் சொந்தமாக ஓர் அணி அமைத்துப் பணம் கட்டியவர்கள், அதை அறிவுத் திறன் என்றே நம்பினர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. நம் பிள்ளைகள் நேசிக்கும் அணியே, நிர்வாகத்தைச் சார்ந்த ஒருவரின் பந்தயத்தால், லோதா குழுவின் தீர்ப்புப்படி 2016, 2017 ஆகிய ஈராண்டுகள் ஆட முடியாமல் வெளியில் நின்றது. தெருமுனையில் ஒரு பரோட்டாவுக்குக் கட்டும் பந்தயத்தையும் அத்தாமார் கண்டும் காணாமல் விடக்கூடாது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். இரவு ஆட்டம் ஏழரைக்குத் தொடங்குகிறது; அந்நாட்களில் மதுரையில் இஷாவின் நேரமும் அதை ஒட்டியே வருகிறது. 2023 இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை குறுக்கிட்டு, கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டும் என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தபோது இரவு ஒன்றரை மணியைக் கடந்துவிட்டது. அற்புதமான ஆட்டம், மறுப்பதற்கில்லை. பஜ்ருக்கு மூன்று மணி நேரம்தான் மீதமிருந்தது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்னும் ஹதீஸின் அருமை மறுநாள் காலை ஸஃப்பைப் பார்த்தால் விளங்கும்.

தோல்வி வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை, 2025இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்திற்குப் போனது. சேப்பாக்கத்திலேயே தொடர்ந்து ஐந்து தோல்விகள். அத்தனை நாளும் யாரைத் தூக்கிலிடலாம் என்ற தேடல் நடந்தது. அணித் தேர்வைப் பற்றிய விமர்சனத்தில், அவ்வாண்டு சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்த ஆப்கானிய இளைஞர் நூர் அஹ்மதே அணிக்குத் தேவையா என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. அது அஸ்வினின் யூடியூப் அலைவரிசையில் எழுந்தது. அவரே அவ்வாண்டு சென்னைக்கு ஆடிக்கொண்டிருந்ததால், இனிச் சென்னை ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று அலைவரிசையே அறிவிக்க நேர்ந்தது. நூர் அஹ்மத் 24 விக்கெட்டுகளுடன் தொடரை முடித்தார்.

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றோர் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெருந்துயராயிற்று, முகங்களிலேயே தெரிந்தது. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ் தன்மீது ஏற்றுக்கொண்ட நியதி என்றார்கள் நபியவர்கள். ஸஹாபாக்களும் தங்கள் பக்கம் தோற்றபோது வருந்தியிருக்கிறார்கள்! ஆகவே அழுதுகொண்டிருக்கும் மகனைப் பார்த்து "இதற்கெல்லாம் அழுவாயா" என்று அதட்ட வேண்டாம். முந்திய அந்தக் கிராமவாசியை எவரும் ஏசியதாகச் செய்தியில் இல்லை என்பதை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். வெற்றிக்கும் இது பொருந்தும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில், கோப்பை வந்த மகிழ்ச்சியைக் காணச் சென்ற பதினொரு பேர் நெரிசலில் மாண்டனர். ஏற்பாட்டில் குறை வைத்தவர்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள். ஆனால் "உடனே வாருங்கள்" என்று கூட்டத்தைக் கூட்டிய செய்திகளையும் நாம் மறந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்ட பெற்றோருக்கு நாம் வழக்கமாகக் கூறுவது இதுவே: ஆட்டத்தைப் பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். கடைசிப் பந்து வீசப்பட்டதும் திரையை அணைத்துவிட்டு, "நீ என்ன பார்த்தாய்" என்று அவனிடம் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அல்ல. முதல் வாரம் அவன் வர்ணனையாளர் சொன்னதையே திருப்பிச் சொல்வான். பிறகு அவனுக்கே கண் திறக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். தோனி 2025 அக்டோபரில் மதுரைக்கு வந்து சிந்தாமணிப் பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் அரங்கைத் திறந்துவைத்தபோது ஊரே திரண்டது. ஆனால் 2018இல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற அணி எது என்று அந்த மஞ்சள் சட்டைச் சிறுவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. அது நம் மதுரை பேந்தர்ஸ். (சென்னையின் மஞ்சள் சட்டையில் 2022 முதல் மூன்றாண்டுகள் பெயர் பொறித்திருந்த டயர் நிறுவனத்தின் தொழிற்சாலை மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது; அது போகட்டும்.) டிஎன்பிஎல் ஆட்டங்கள் நத்தம் கல்லூரி மைதானத்திலும் நடக்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கே காதருகே வர்ணனையாளர் இல்லை. யாரைத் திட்டுவது என்று சொல்லித்தர ஆளில்லை. பந்து மட்டையில் படும் ஓசை கேட்கும். ஆட்டம் இஷாவைத் தாண்டி நீண்டால், நத்தத்திலும் பள்ளிவாசல் இருக்கிறது.