பாதை ஊருடையது, விதி எழுத்தில் வேண்டும்: கோத்தகிரி மலைச் சைக்கிள் ஓட்டிகளின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட நிர்வாகம், வனத்துறை, சுற்றுலாத் துறை, உள்ளாட்சி அமைப்புகள், தேயிலை எஸ்டேட் நிர்வாகங்கள், எல்லோருக்கும் முன்னதாகப் படகர் ஊர்களான ஹட்டிகளின் பெரியவர்கள் ஆகியோருக்கு:

கோத்தகிரியைச் சுற்றியுள்ள மலைகளில் சைக்கிள் ஓட்டும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்களில் இந்த ஹட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. தார்ச்சாலையைப் பற்றி எங்களுக்கு வழக்கில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் கொழுந்து மூட்டை இறங்கும் மண்பாதை, சோலையின் ஓரமாகப் போகும் ஒற்றையடித் தடம், ஒரு ஹட்டியிலிருந்து அடுத்த ஹட்டிக்கு இறங்கும் கல்படி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இந்தத் தடங்கள் சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்தப் பக்கமாக மலையேறி வந்து கன்னேரிமுக்கில் வீடு கட்டியதைப் பலரும் சொல்வார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அவர் வந்தபோதே படகர், கோத்தர், தோடர், இருளர், குறும்பர் ஊர்களுக்கிடையே ஆள் நடந்து தேய்ந்த பாதைகள் இருந்தன. கோத்தர் செய்த இரும்புக் கருவியும் மண்பானையும், தோடரின் நெய்யும், படகரின் தானியமும் இந்த வழியாகத்தான் கைமாறின. நாங்கள் டயர் பதிப்பது அந்தப் பாதைகளின் மேல். ஆகவே இங்கே முதல் உரிமை எங்களுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் இன்றைய நிலை யாருக்கும் நல்லதல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, இணையத்தில் பதிவு, வழிகாட்டி, கட்டணம் என ஒழுங்கு செய்தது. இங்குள்ள லாங்வுட் சோலையும் அந்தப் பட்டியலில் உண்டு. நடப்பவருக்கு ஒரு வழி பிறந்தது; அதை மனதார வரவேற்கிறோம். சைக்கிள் ஓட்டுபவருக்கு மட்டும் ‘ஆம்’ என்றும் இல்லை, ‘கூடாது’ என்றும் இல்லை. ஒரு காவலர் கையசைத்து அனுப்பிய தடத்தில் அடுத்த வாரம் இன்னொருவர் வண்டியைப் பிடித்து வைக்கிறார். இருவரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. எது சரி என்று எடுத்துக் காட்ட அவர்களிடமும் ஒரு தாள் கிடையாது, எங்களிடமும் கிடையாது. இந்த இருட்டில் லாபம் அடைகிறவர்கள் சிலரே: யாரிடமும் கேட்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வெளியூர்க்காரர்களைக் கூட்டமாகச் சோலைக்குள் இறக்கிவிட்டுப் போகிறவர்கள். தடம் கெடுகிறது, கெட்ட பெயர் எல்லோருக்கும் வருகிறது, ஊருக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்வதில்லை.

எனவே எங்கள் கோரிக்கைகள்.

1. எந்தத் தடத்தில் மலைச் சைக்கிள் போகலாம், எதில் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள். வரைபடம் தமிழில் இருக்கட்டும். தடம் தொடங்கும் இடத்தில் பலகை நிற்கட்டும். காப்புக்காடு, வருவாய் நிலம், எஸ்டேட் நிலம் என மூன்றும் மாறி மாறி வரும் இந்த மலையில், எங்கே எது முடிகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளோ முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளோ சைக்கிள் பாதை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். லாங்வுட் சோலையின் உட்பகுதியையும் கேட்கவில்லை. ஊருக்கு நடுவே 116 ஹெக்டேரில் எஞ்சி நிற்கும் காடு அது. 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நடக்கிறவர்களே போதும். சோலைக்கு வெளியே, ஏற்கெனவே ஆளும் மாடும் புழங்கும் தடங்கள்தான் எங்களுக்கு வேண்டும். புதுப்பாதை ஒன்றுகூட வெட்ட வேண்டாம்.

2. ஊரின் சம்மதம் இல்லாமல் எந்தத் தடத்தையும் திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் சாசனத்தின் உயிர். துறைகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு ஊருக்குத் தகவல் சொல்வதைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்கமாட்டோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு தடமும் அங்கே பெயர் சொல்லி வைக்கப்பட வேண்டும். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் உட்பட்ட ஹட்டிகளில் கிராம சபை இல்லை. அங்கே ஊர்க்கூட்டத்தின் முடிவே முடிவாகட்டும். பழங்குடி ஊர்களில், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குள்ள சமூக உரிமையைத் தாண்டி யாரும் முடிவெடுக்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் ஊருக்கு உரிமை வேண்டும். காரணம் கேட்டு இழுத்தடிக்காமல் அன்றே தடம் மூடப்பட வேண்டும்.

3. திருவிழா நாட்களில் தடத்தை மூடுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்காக வெள்ளையுடுத்திய மக்கள் ஹட்டி ஹட்டியாகப் பேரகணிக்கு நடந்து போவார்கள். அந்த நாட்களில் அந்தப் பாதையில் ஒரு சைக்கிளும் இருக்கக் கூடாது. கோத்தர் ஊர்களின் கோயில் திருவிழாவுக்கும் இதே விதி. தோடர் குடியிருப்புகளான மந்துகளின் கோயில் எல்லைக்குள் எந்நாளும் சக்கரம் கூடாது. இந்தத் தேதிகளை ஊரே சொல்லட்டும். மலையேற்றத்துக்கு இருப்பதுபோல் சைக்கிளுக்கும் அமைய வேண்டிய பதிவு இணையதளம் அன்றைக்குத் தானாக மூடிக்கொள்ளட்டும்.

4. மழைக்காலத்தில் ஓட்டத் தடை விதியுங்கள். ஓட்டுகிறவர்கள் தாங்களே இதைக் கேட்பதா என்று சிலர் வியக்கலாம். இறக்கத்தில் பயந்துபோய்ப் பின் பிரேக்கை முழுக்கப் பிடிப்பவனின் பின்சக்கரம் சுழலாமல் இழுபடும். ஈர மண்ணில் அது விரலளவு ஆழத்துக்கு ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். அடுத்த மழைத் தண்ணீர் பாதையின் குறுக்கே வழியாமல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஓடும். கோடு வாய்க்காலாகும். வாய்க்காலைத் தவிர்க்க அடுத்து வருபவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். தடம் அகலும், தேயிலையின் வேர் வெளியே தெரியும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மலை மறக்கவில்லை. ஆகவே மழை விட்டு மண் இறுகும் வரை தடம் மூடியிருக்க வேண்டும். இறக்கமான இடங்களில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து நீரைச் சரிவுப் பக்கம் தள்ளிவிடும் வேலையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஊர் ஆட்களுக்கு முறையான கூலி கொடுங்கள். நாங்களும் மண்வெட்டியோடு வருவோம். சிமென்ட் மட்டும் போடாதீர்கள். சிமென்ட் போட்ட தடத்தில் அடுத்து ஜீப்பு வரும், அதன் பின்னாலேயே ரிசார்ட் வரும்.

5. தடத்தின் தொடக்கத்தில் டயர் கழுவத் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும் வையுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் டயர் இடுக்கில் ஒட்டும் சேற்றோடு களைச்செடிகளின் விதையும் பயணம் செய்கிறது. உண்ணிச்செடியும் சீகை மரமும் தின்றுவிட்டுப் போன புல்வெளிகளை இந்த மலை பார்த்துவிட்டது.

6. காலை 7 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் ஓட்ட அனுமதி வேண்டாம். தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருந்தால் புதரும் அதுவும் ஒரே கறுப்பு. நடப்பவனின் காலடிச் சத்தம் அதற்குக் கேட்கும். இறக்கத்தில் வரும் சைக்கிள் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். திடுக்கிட்ட மாடு முட்டத்தான் செய்யும். பொழுது சாய்ந்தால் கரடி வேறு. மணி இல்லாத, ஹெல்மெட் இல்லாத வண்டியைத் தடத்துக்குள் விடாதீர்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடங்களில் எண் எழுதிய கல் நடுங்கள். விழுந்தவன் எந்தக் கல்லருகே கிடக்கிறான் என்று சொன்னால்தான் 108 ஆம்புலன்சை எந்த ஊருக்கு வரச் சொல்வது என்று தெரியும். காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றத்துக்கு என்ன தடையோ அதுவே சைக்கிளுக்கும்.

7. எஸ்டேட் நிர்வாகங்களுக்கு: உங்கள் தோட்டம் தொழிலாளர்களின் பணியிடம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதையில் நின்றால் நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். மருந்து அடிக்கும் நாளில் பலகை வையுங்கள், அந்தப் பக்கமே வரமாட்டோம். பதிலுக்கு, ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியைக் கேட் போட்டு அடைக்காதீர்கள். சைக்கிளுக்காக நாங்கள் இதைக் கேட்கவில்லை. பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் போகிறவர்களுக்காகக் கேட்கிறோம்.

8. ஓட்டுபவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் பெரும்பங்கு தடம் போகும் ஊருக்கே சேர வேண்டும். கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். வழிகாட்டியும் மெக்கானிக்கும் இங்குள்ள பையன்களும் பெண்களுமாகவே இருக்கட்டும், பயிற்சியை அரசு தரட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

9. மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் இந்தத் தடங்களில் எந்தப் பெயரிலும் நுழையக் கூடாது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டின் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு இடம் கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே எழுதியது. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு இன்னும் விரிந்த உரிமை தந்தது. மறுபக்கம், 1970-களில் மலைச் சைக்கிள் உருவெடுத்த கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியிலேயே, நடப்பவர்களோடு ஏற்பட்ட தகராறில் பல ஒற்றையடித் தடங்கள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. கடமையை முதலில் எழுதிய இடங்களில் உரிமை நிலைத்திருக்கிறது. அதனால்தான் எங்கள் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் எங்களையே கட்டுப்படுத்துகின்றன. தடையை மீறி ஓட்டுபவர் எங்களில் ஒருவரானாலும் அவர் பெயரை மறைக்கமாட்டோம். அபராதத்துக்கு எதிராகச் சிபாரிசுக்கும் வரமாட்டோம்.

வனத்துறை, வருவாய்த் துறை, உள்ளாட்சி, ஊர்ப் பெரியவர்கள், தோட்டத் தொழிலாளர்கள், ஓட்டுபவர்கள் ஆகியோரைக் கொண்ட குழு ஒன்றை மாவட்ட நிர்வாகம் உடனே அமைக்க வேண்டும். முதற்கட்டமாக, ஊர் விரும்பிக் கொடுக்கும் ஒரே ஒரு தடத்தில் ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம். அதற்கான வரைவு விதிகள் வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மாதம் முன்பே தமிழில் அச்சாகி, அந்தத் தடம் போகும் ஒவ்வொரு ஹட்டியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.