குதிரைக்கு மேலே, பேண்ட்டுக்கு உள்ளே

மங்கோலியாவில் 2009-லிருந்து ஒரு குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். மங்கோல் டெர்பி என்று பெயர். கிண்டி மாதிரி ஒண்ணரை நிமிஷத்தில் முடிந்து, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற சமாசாரம் இல்லை. 1,000 கிலோ மீட்டர். 10 நாள் கெடு. செங்கிஸ்கான் காலத்துத் தபால் குதிரை ஏற்பாட்டைப் பார்த்து அமைத்தது. சுமார் 40 கிலோ மீட்டருக்கு ஒரு தரம் குதிரையை மாற்றிக்கொள்ளலாம். ஆளை மாற்ற முடியாது. 2019-ல் இதில் ஜெயித்த பாப் லாங் என்ற அமெரிக்கருக்கு அப்போது வயசு 70. (நம்மூரில் 70 வயசில் மாடிப்படியே டெர்பிதான்.)

இந்தப் பந்தயத்தில் என்னைக் கவர்ந்தது அதன் மூட்டை விதி. கூட எடுத்துப் போகிற சாமான் 5 கிலோவைத் தாண்டக் கூடாது. தூங்குகிற பை, மழைக்கோட்டு, மருந்து மாத்திரை எல்லாம் அதற்குள். ஆக, 10 நாளைக்கு எத்தனை ஜட்டி என்பது அங்கே சாதாரணக் கேள்வி இல்லை. எப்படிப்பட்ட ஜட்டி என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

சிரிக்காதீர்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு போய், இரண்டாம் நாள் குதிரை மேல் உட்கார முடியாமல் பக்கத்தில் நடந்தே வருகிறவர்கள் உண்டு.

என் அக்கா பையன் பெங்களூரில் இருக்கிறான். அவனும் அவன் மனைவியும் போன வருஷம் மங்கோலியா கிளம்பினார்கள். பந்தயத்துக்கெல்லாம் இல்லை. சும்மா ஒரு வாரம், தினம் ஆறு மணி நேரம் குதிரை மேல் ஊர் சுற்றுவதற்கு. போன் பண்ணினான். விசா, குளிர், மூணு வேளையும் ஆட்டுக்கறியா என்பது வரை பேசியாச்சு. வைக்கிற சமயம் குரலைத் தழைத்து, "மாமா, உள்ள என்ன போட்டுக்கறது?" என்றான்.

"என்னை ஏண்டா கேக்கறே?"

"வாரா வாரம் எதையாவது எழுதறீங்களே, இதுவும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அப்பாகிட்ட கேட்டா கோவணம்னுவார்."

அவன் அப்பா அப்படிச் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில், குதிரை மேல் என்னதான் நடக்கிறது? குதிரை நடக்கும்போது பிரச்னை கம்மி. ட்ராட் என்று ஒரு துள்ளு நடை இருக்கிறது. அதில் நீங்கள் ஒவ்வொரு அடிக்கும் எழும்பி எழும்பி உட்காருகிறீர்கள். கீழே தோல் சேணம், மேலே உங்கள் இடுப்பு எலும்பு, நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடுவது உங்கள் சருமம். மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசல். அதோடு வேர்வை. உலர்ந்த சருமத்தைவிட ஈரச் சருமம் துணியை அதிகம் பற்றும், சீக்கிரம் உரியும். வேர்வை காய்ந்தால் நின்றுவிடுமா என்றால் அதுவும் இல்லை. உப்பு தங்கி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி வேலை செய்யும்.

குதிரை என்றால் ஜாக்கிகளைக் கேட்கலாமே என்று தோன்றும். உபயோகமில்லை. பந்தய ஜாக்கி சேணத்தில் உட்காருவதே இல்லை. அங்கவடியில் காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுகிறார். ஜாக்கி என்று பெயர் போட்ட ஜட்டிக்கும் குதிரைக்கும்கூட சம்பந்தம் கிடையாது. 1874-ல் சிகாகோவில் ஜாக்ஸ்ட்ராப் என்று ஒரு எலாஸ்டிக் லங்கோடு செய்தார்கள். பாஸ்டன் நகரத்தின் கல் பாவிய தெருக்களில் சைக்கிள் ஓட்டி அவஸ்தைப்பட்டவர்களுக்காக. 1935 ஜனவரியில், வெளியே பனிப்புயல் அடிக்க, அதே சிகாகோவில் கால் இல்லாத புது மாதிரி ஜட்டி கடைக்கு வந்தது. ஜாக்ஸ்ட்ராப் போலத் தாங்கிப் பிடிக்கும் என்பதைச் சொல்லாமல் சொல்ல ஜாக்கி என்று பெயர் வைத்தார்கள். ஆகவே லேபிளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பார்க்க வேண்டியது லேபிளுக்குப் பின்னால். ஜட்டியை உள்வெளியாகத் திருப்புங்கள். தையலைத் தடவிப் பாருங்கள். விரலுக்குக் கயிறு மாதிரி தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையில் விரலுக்குத் தட்டுப்படுகிற கயிறு, நாலாவது மணி நேரத்தில் வேறு இடத்தில் கத்தியாகத் தட்டுப்படும்.

திருப்பூரில் தெருவுக்குத் தெரு 'டைலர் தேவை' போர்டு தொங்கும். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று மிஷின் வாரியாக ஆள் கேட்டிருப்பார்கள். இதில் ஓவர்லாக் தையல் இரண்டு துணியின் ஓரத்தையும் சேர்த்துச் சுற்றிக்கட்டும். உள்பக்கம் வரப்பு மாதிரி மேடு நிற்கும். பேட்லாக் (ஃப்ளாட்லாக் என்பது திருப்பூருக்கு வந்து இப்படி ஆகிவிட்டது) தட்டையாகப் படியும். குதிரைக்கு வேண்டியது பேட்லாக். தொடையிடுக்கில் நாலு தையல் வந்து கூடுகிற ஜங்ஷன் இல்லாமல், தனித்துண்டு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. சீனாவின் மேற்கே துர்ஃபான் பாலைவனப் பக்கம், யாங்ஹாய் என்ற இடத்துக் கல்லறைகளில் சுமார் 3,000 வருஷத்துக்கு முந்தைய கம்பளி பேண்ட் கிடைத்தது. 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். இன்றுவரை கிடைத்ததில் உலகத்தின் மூத்த பேண்ட்டுகளில் ஒன்று. போட்டிருந்தவரோடு குதிரைச் சாமான்களையும் சேர்த்துப் புதைத்திருந்தார்கள். அதன் அமைப்பைக் கேளுங்கள். வலது காலுக்கு ஒரு துண்டு, இடது காலுக்கு ஒரு துண்டு, நடுவில் தொடையிடுக்குக்கென்று அகலமாக ஒரு தனித்துண்டு. வெட்டவே இல்லை. தறியிலேயே அளவுக்கு நெய்திருக்கிறார்கள். யாரோ ஒரு மகானுபாவர் புண்பட்டுத் திரும்பி வந்து, நெசவுக்காரரிடம் வெட்கத்தை விட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்! அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோவணத்தில் பாதி நியாயம் என்றேனே, அது இதுதான். கோவணத்தில் தையலே கிடையாது. மீதிப் பாதி அநியாயம், அது பருத்தி என்பது. மடிப்பு மடிப்பாகச் சுருண்டு வேறு போகும்.

நம்மவர்கள் காட்டன் பக்தர்கள். மதராஸ் வெயிலுக்கு உட்கார்ந்த இடத்தில் காட்டன் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. ஆறு மணி நேரம் ஈரத் துணியில் உட்கார்ந்தால் சருமம் ஊறும், பிறகு படை வரும். நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக் நூலும் கலந்த, விளையாட்டுக்காரர்கள் போடுகிற துணி சீக்கிரம் காயும். என்ன, இரண்டாம் நாளே வாசனை ஊரைக் கூட்டும். மெல்லிய மெரினோ கம்பளி வாசனை பிடிக்காது, குளிருக்கும் ஆகும். விலைதான் வேறொரு இடத்தில் சுருக்கென்று குத்தும்.

அடுத்தது நீளம். சாதா ஜட்டியின் கால் எலாஸ்டிக் மிகச் சரியாகத் தொடையிடுக்கில் வந்து நிற்கும். தப்பான இடம் என்றால் அதுதான். பாதித் தொடை வரை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் ஓரம் சேணத்துக்கு அடியில் வராது. பட்டாபட்டி நீளம்தானே என்பீர்கள். நீளம் சரி, தொளதொளப்பு சரியில்லை. பத்து நிமிஷத்தில் மேலேறிச் சுருண்டு ஒரு மூட்டையாகிவிடும். ஆண்களுக்குத் தாங்கிப் பிடிக்கிற விஷயமும் இருக்கிறது. பட்டாபட்டியில் எல்லாம் சுதந்திரமாக இருக்கும். ட்ராட்டில் அந்தச் சுதந்திரம் கண்ணில் நீர் வரவழைக்கும்.

அக்கா பையனுக்கு இவ்வளவையும் சொன்னதும் அவன் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் சவாரி வகுப்புக்குப் போகிறவள்.

"மாமா, குதிகாலை இறக்கு, முதுகை நிமித்துன்னு மாஸ்டர் நூறு தடவை சொன்னார். இதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. நானா மூணு வாரம் அவஸ்தைப்பட்டுக் கண்டுபிடிச்சேன்."

இந்த மௌனத்துக்கு வயசு அதிகம். ஐரோப்பாவில் பெண்கள் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுத்தான் குதிரை ஏற வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். இஸபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதுகுவலிக்காரர். 1873-ல் ஹவாயிலும், பிறகு அமெரிக்க ராக்கி மலையிலும் ஆண்களைப் போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு நூற்றுக்கணக்கான மைல் போனார். புஸ்தகம் வந்ததும் லண்டன் பத்திரிகை ஒன்று, அம்மணி ஆண் உடை போட்டார் என்று எழுத, அவருக்கு மகா கோபம். அது கணுக்கால் வரை பாவாடை, உள்ளே துருக்கி பாணி சராய் என்று அடுத்த பதிப்பில் விளக்கம் சேர்த்தார். மலை ஏறினது பெரிசில்லை, உள்ளே என்ன போட்டாய் என்பதுதான் கேள்வி.

நம்ம பெண் அதோடு விடவில்லை. அவள் சொன்ன மற்ற பாடங்கள்: புது ஜட்டியை அன்றைக்கே பிரித்துப் போடக் கூடாது, நாலு தரம் துவைத்து மெதுவாக்க வேண்டும். வாஸலினை உரசுகிற இடங்களில் கிளம்புவதற்கு முன்பே தடவ வேண்டும். எரிச்சல் வந்த பிறகு தடவுவது, வீடு பற்றிய பிறகு வாளி தேடுவது. சைக்கிள்காரர்களின் பஞ்சு வைத்த டிராயர் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்குப் பஞ்சின் விளிம்பே புண்ணாக்குகிறது. ஊரிலேயே மூணு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. எண்ணிக்கை ஆளுக்கு மூன்று போதும். ஒன்று உடம்பில், ஒன்று காய்ச்சலில், ஒன்று பையில்.

ஒன்று மட்டும் ஜட்டியால் ஆகாது. எலும்பு வலி. அது சேணமும் பழக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியது. மங்கோலிய மேய்ப்பர்கள் மரச் சேணத்தில்தான் போகிறார்கள். ட்ராட்டில் உட்காருவதே இல்லை, அங்கவடியில் நின்றுகொண்டு வருகிறார்கள்.

இவ்வளவு நேரம் நம் தோலைப் பற்றியே பேசிவிட்டேன். குதிரைக்கும் ஒரு முதுகு இருக்கிறது. ஒரு பக்கம் உரிந்துபோன ஆள் என்ன செய்வார்? தெரியாமலே மறு பக்கம் சாய்ந்து உட்காருவார். அறுபது எழுபது கிலோவும் மணிக்கணக்கில் ஒரு பக்கமாக அழுத்த, சேணம் நகர்ந்து, குதிரை முதுகில் புண் வரும். டெர்பியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால்நடை டாக்டர் குதிரையைப் பரிசோதிக்கிறார். நாடித்துடிப்பு உரிய நேரத்துக்குள் இறங்காவிட்டால் சவாரிக்காரருக்கு அபராதம். மூன்று ஜட்டி வாங்குவதில் நாம் காட்டுகிற கூச்சத்துக்கு, வாயில்லாத ஒரு பிராணி எதற்கு முதுகைக் கொடுக்க வேண்டும்?

ஊட்டி ஏரிக்கரையில் பத்து நிமிஷம் குதிரை மேல் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்ததே தாங்கும். ஏறுவதற்கு முன்னால் ரேட்டை மட்டும் பேசிவிடுங்கள்.