கொடைக்கானல் பாதையில் பீரங்கி திரும்புமா?

கொடைக்கானல் மலைப் பாதையில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்கள் போகக் கூடாது என்று 2024 நவம்பரில் தடை வந்தது. கொண்டை ஊசி வளைவில் நீண்ட வண்டி திரும்பினால் எதிரே வருகிறவர் பாடு திண்டாட்டம்!

பஸ்ஸுக்கே இந்தக் கதி. லாரிக்குப் பின்னால் 8 மீட்டர் நீளக் குழல் உள்ள பீரங்கியைக் கட்டி இழுத்தால்?

கொடைக்கானலுக்குப் பீரங்கி வேண்டாம். ஆனால் காஷ்மீரிலும் லடாக்கிலும் நம் வீரர்கள் இதே போன்ற பாதைகளில்தான் பீரங்கியை இழுத்துப் போகிறார்கள்.

ரூ.6,900 கோடி!

2025 மார்ச்சில் மத்திய அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டிலேயே உருவான 155 மில்லி மீட்டர் பீரங்கிகள் 307 வாங்கப்படுகின்றன. இழுக்கும் லாரிகளையும் சேர்த்து விலை சுமார் ரூ.6,900 கோடி. பாரத் போர்ஜ், டாடா ஆகிய 2 கம்பெனிகள் செய்து கொடுக்கும். பெயர் ஏ.டி.ஏ.ஜி.எஸ்.

குண்டு சுமார் 48 கிலோ மீட்டர் பாயும். பழனியில் இருந்து கொடைக்கானலுக்கு நேர்கோட்டில் இதில் பாதித் தூரம்தான்!

எல்லோரும் குழலைப் பார்த்து வியக்கிறார்கள். சங்கடம் அடியில் இருக்கும் வண்டியில் இருக்கிறது. இந்தப் பீரங்கியின் எடை சுமார் 18 டன். 4 யானைகளின் கனம்!

உதைப்பு

குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைக்கும். அந்தக் காலத்தில் வண்டியே பின்னால் ஓடிவிடும். அதைத் தள்ளி வந்து, மறுபடி குறி பார்க்க வேண்டும்.

1897-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். குழல் மட்டும் பின்னால் சறுக்கும். எண்ணெயும் காற்றும் அடைத்த உருளை அதைத் தடுத்து, திரும்பவும் முன்னே தள்ளும். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர் மாதிரிதான். சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வண்டியின் பின்னால் 2 நீண்ட கால்கள் உண்டு. இழுக்கும்போது சேர்ந்திருக்கும். சுடும்போது கத்தரிக்கோல் போல விரியும். நுனியில் உள்ள மண்வெட்டி போன்ற தகடு தரையில் புதைந்து கொள்ளும். மலைக்கு அப்பால் சுடக் குழலை நன்றாக நிமிர்த்த வேண்டும். அப்போது அதன் அடிப்பகுதி பின்னால் வர, விரிந்த கால்களுக்கு நடுவே இடம் கிடைக்கிறது.

வண்டி கனமாக இருந்தால் ஆடாது. ஆனால் மலை ஏறத் திணறும். இலேசாக இருந்தால் ஏறிவிடும். சுடும்போது துள்ளும்!

ஐதர் அலியின் காளைகள்

பழனி மலைக்குக் கிழக்கே இருக்கும் திண்டுக்கல்லுக்கு 1755-ல் பவுஜ்தாராக வந்தவர் ஐதர் அலி. பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் அங்கே ஆயுதச் சாலை அமைத்தார். மைசூர்ப் படையின் பீரங்கிகளை இழுத்த காளைகள் பேர் போனவை. பின்னாளில் அமிர்த மகால் என்று பெயர் பெற்ற இனம் அது. காளை இழுக்கும் அளவுக்குத்தான் பீரங்கியின் கனம் இருக்க முடியும்.

4 டன் பீரங்கி

2016-ல் அமெரிக்காவிடம் எம்-777 பீரங்கிகள் 145 வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. அதன் பாகங்கள் பல டைட்டானியம் உலோகத்தால் ஆனவை. எடை 4 டன்னுக்குச் சற்று அதிகம். குழலின் வாயையே லாரியில் மாட்டி இழுக்கலாம். சாலையே இல்லையா? சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டு போகலாம். ஆனால் குழல் குட்டை. குண்டு பாயும் தூரம் குறைவு.

சமவெளிக்கும் பாலைவனத்துக்கும் 18 டன் பீரங்கி பொருத்தமே. மலைக்கு அதையே நம்ப முடியாது. வளைவில் திரும்ப வேண்டும். லாரியையும் பீரங்கியையும் ஒன்றாகப் பாலம் தாங்க வேண்டும்.

ராணுவமும் இதை உணராமல் இல்லை. எடை குறைந்த 400 இழுவைப் பீரங்கிகளை உள்நாட்டுக் கம்பெனிகளிடம் 2023-லேயே கேட்டிருக்கிறது.