பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்பது பறவையா, பூச்சியா?

கேள்வி: பப்பாளித் தோட்டத்தில் பொழுது சாயும் நேரத்தில், அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கும் ஒன்று வருகிறது. பிள்ளைகள் அதை 'ஹம்மிங் பறவை' என்கிறார்கள். உண்மையா? ஹம்மிங் பறவை எப்படிப் பறக்கிறது, எவ்வளவு வேகம்? மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்தால், தோட்டத்துக்கு வருவதைப் பாதிக்குமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: ஹம்மிங் பறவை நம் நாட்டில் கிடையாது. ஓசனிச்சிட்டு என்று தமிழில் சொல்லப்படும் இந்தப் பறவைகள், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அவற்றை ஒட்டிய தீவுகள் ஆகியவற்றில் மட்டுமே உள்ளன. 350-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கியூபாவில் உள்ள மிகச் சிறிய வகையின் எடை சுமார் 2 கிராம்தான்.

பெரும்பாலான பறவைகளுக்கு, இறக்கையைக் கீழ்நோக்கி அடிக்கும்போதுதான் உடலைத் தூக்கும் விசை கிடைக்கும். ஹம்மிங் பறவை தோள் மூட்டிலிருந்தே இறக்கையைத் திருப்பி, படுக்கை வாட்டில் '8' போட்டதுபோல முன்னும் பின்னும் வீசுகிறது. முன்வீச்சில் முக்கால் பங்கு, பின்வீச்சில் கால் பங்கு என இரண்டிலும் தூக்குவிசை கிடைக்கிறது. அதனால்தான் ஒரே இடத்தில் நிற்கவும் பின்னோக்கிப் பறக்கவும் முடிகிறது. சிறிய வகைகள் நொடிக்கு 50 முறைக்கு மேலும் சிறகடிக்கும். அந்த ரீங்காரமே பெயருக்குக் காரணம்.

நேராகப் பறக்கும்போது வேகம் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வரை இருக்கும். 'அன்னா' என்ற வகையில், பெண் பறவையைக் கவர மேலிருந்து பாயும் ஆண் பறவை நொடிக்கு 27 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 98 கி.மீ. வேகம் எட்டியது அளக்கப்பட்டிருக்கிறது. இந்த உழைப்புக்கு ஈடாகப் பகல் முழுவதும் அடிக்கடி தேன் குடித்தாக வேண்டும். தீனி கிடைக்காத குளிர் இரவுகளில் உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு வருவது பருந்து அந்துப்பூச்சியாக இருக்கலாம். உற்றுப் பாருங்கள். தலையில் இரண்டு உணர்கொம்புகளும், அலகுக்குப் பதில் சுருண்டு நீளும் உறிஞ்சுகுழலும் இருந்தால் அது அந்துப்பூச்சிதான். தேன்சிட்டு என்றால் பகலில் வரும். பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும்.

இந்த அந்துப்பூச்சி பப்பாளிக்கு வேண்டிய விருந்தாளி. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுசேர்க்கிறது. ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக உள்ள ரகங்களில், மகரந்தம் சேராவிட்டால் காய்ப்பிடிப்பு குறையும்.

மருந்து அடித்தால் இதற்கும் பாதிப்பு உண்டு. மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட 'அசிரோபேகஸ் பப்பாயே' ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து மடியும். எனவே, முதலில் இலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். மாவுப்பூச்சிகள் உப்பிக் காய்ந்து பழுப்பு நிறத்தில் இருந்தால், குளவி வேலை செய்கிறது என்று பொருள். அங்கே மருந்து வேண்டாம். அப்படி இல்லையென்றால், தாக்கப்பட்ட இலை, காய்களை அகற்றி அழித்துவிட்டு, ஒட்டுண்ணி கிடைக்குமா என்று அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.