அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன், பணத்தட்டுப்பாடு மனிதர்களின் முடிவெடுக்கும் திறனை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர். ஆனந்தி மணி, எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோருடன் அவர் செய்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. களம், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்புக் காடுகள். கரும்புப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களிலோ அடகும் கடனும்தான். அதே 464 விவசாயிகள், அதே வகை புதிர்கள். கையில் காசில்லாதபோது அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். பணம் வந்தபின் தெளிவாக விடை சொன்னார்கள். ஆலைகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு நாளில் வெட்டச் சொல்வதால், பருவகாலம்தான் காரணம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. புத்தி குறையவில்லை; கடன் கவலை அதைப் பிடித்துவைத்திருந்தது.

சென்னை கோயம்பேடு சந்தையிலும் இதன் சாயலைக் காணலாம். விடியலில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிக் காய் எடுக்கும் வியாபாரி, நாளுக்கு ஐந்து சதவீத வட்டியில் மாலையே ஐம்பது ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார். அங்கே நடந்த ஓர் ஆய்வுக்காக அவர்களின் முழுக்கடனையும் அடைத்துக்கொடுத்தபோதும் பலர் மீண்டும் கடனுக்கே திரும்பினர்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியில், கையில் காசில்லாத தொழிலாளியிடம் யோசித்து நிரப்ப வேண்டிய புதிய படிவத்தை நீட்டாதீர்கள். சம்பளம் போட்ட வாரத்தில் கொடுங்கள்.